புது ஊரில் வாடகை வீடு: குடும்பத்தோடு குடிபெயரும் முன் கவனிக்க வேண்டியவை



பெண்ணாடம் போன்ற ஊரில் வாடகைக்கு வீடு பிடிப்பது பெரிய வேலை இல்லை. இன்னார் மகன், இன்னார் மருமகன் என்று சொன்னால் போதும். பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வரும்போதே யாராவது ஒருவர் காலி வீட்டைச் சொல்லிவிடுவார். அட்வான்ஸ் பேச்சு டீக்கடையிலேயே முடிந்துவிடும்.

வேலைக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ சென்னை, திருச்சி, புதுச்சேரி என்று போகும்போதுதான் சிரமம் தெரிகிறது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர், விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்தவர், சென்னையில் வேலை கிடைத்த சந்தோஷத்தோடு வந்தார். ஒரு மாதம் கழித்து முகம் வாடி வந்தார். "ஹஜ்ரத், நாலு வாரமா வீடு தேடுறேன். போன்ல எல்லாம் பேசிட்டு, கடைசியில பேரைச் சொன்னதும் வீடு முடிஞ்சிடுச்சுங்கிறாங்க. ஒருத்தர் மட்டும் ஆறு லட்சம் ஒத்திக்குன்னா தர்றேங்கிறார். வீட்டுக்காரம்மா நகையை அடகு வெச்சுக் குடுத்திடலாமான்னு பாக்குறேன்" என்றார்.

அவருக்குச் சொன்னதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வெளியூர் புறப்படும் குடும்பங்களுக்குப் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

முதலில் அண்டை வீடு

வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்று அரபியில் ஒரு முதுமொழி உண்டு. விசாலமான வீடும் நல்ல அண்டை வீட்டாரும் ஒரு மனிதனின் நற்பேறுகளில் அடங்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவினரான அண்டை வீட்டாருக்கும், உறவினர் அல்லாத அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. அவர்கள் எந்த மதத்தவர் என்ற நிபந்தனை அதில் இல்லை.

நாம் வீடு பார்க்கும்போது வாடகை, டைல்ஸ், அலமாரி இவற்றைத்தான் முதலில் கேட்கிறோம். நீங்கள் காலையில் வேலைக்குப் போய்விடுவீர்கள். மனைவியும் பிள்ளைகளும் வயதான அத்தா அம்மாவும்தான் நாள் முழுவதும் அங்கே இருப்பவர்கள். நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். அதனால் குடும்பத்தை அழைத்துப் போய்க் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பகலில் ஒரு முறை, இஷாவுக்குப் பிறகு ஒரு முறை என இரண்டு தடவை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். டாஸ்மாக் கடை எவ்வளவு தூரம், தெருவிளக்கு எரிகிறதா, பெண் பிள்ளை டியூஷன் முடிந்து தனியாக வர முடியுமா என்பதெல்லாம் இரவில்தான் தெரியும்.

எந்தப் பகுதி?

சென்னையில் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, மண்ணடி, பெரியமேடு ஆகியவை நம்மவர்கள் நெடுங்காலமாக வாழும் பகுதிகள். பள்ளிவாசல், மக்தப், ஹலால் கறிக்கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். ஆனால் இடம் நெருக்கம், வாடகை அதிகம். தெற்கே பல்லாவரம், தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் அதே வாடகைக்குக் கொஞ்சம் பெரிய வீடு கிடைக்கலாம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. விருத்தாசலம் வழியாக ஊருக்கு அடிக்கடி வந்துபோக வேண்டியவர்களுக்கு இந்தப் பகுதிகள் வசதி. திருச்சியில் பாலக்கரை, தென்னூர், காஜா நகர் பக்கம் நம் குடும்பங்கள் அதிகம். ஜமால் முகம்மது கல்லூரியும் காஜா நகர் பக்கம்தான்.

நம்மவர்கள் இருக்கும் பகுதியில்தான் வீடு வேண்டும் என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். பள்ளிவாசல் பக்கத்தில் இருப்பது பெரிய நிஃமத். பிள்ளைகளின் காதில் பாங்கு விழ வேண்டும். அதே நேரத்தில் வேலைக்கு இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம் என்றால் பிள்ளைகள் அத்தாவைத் தூங்கும்போதுதான் பார்ப்பார்கள். பலரும் கலந்து வாழும் தெருவில், பத்துப் பதினைந்து நிமிட நடையில் ஒரு பள்ளிவாசலும் மாலை மக்தபும் இருந்தால் அதுவே போதுமானது என்பது என் அபிப்பிராயம்.

மழையையும் மறக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி பகுதிகளில் தண்ணீர் நின்றது. கீழ்த்தளம் என்றால், தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்பதோடு எதிரே இருக்கும் மளிகைக்கடைக்காரரிடமும் கேளுங்கள்.

பெயரைச் சொன்னதும் மறுத்தால்

இது நம் சகோதரருக்கு மட்டும் நடந்தது அல்ல. முஸ்லிம் என்ற அடையாளத்தால் வாடகைக்கு வீடு கிடைப்பதே சிரமமாகிறது என்று மக்கள் முறையிட்டதை 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. பேராசிரியர் சுகதேவ் தோராட் குழுவினர் டெல்லி வட்டாரத்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வாடகை வீடு மறுக்கப்படுவதைக் காட்டியது.

சட்டம் இதில் அதிகம் உதவுவதில்லை. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், ஹோட்டல், கிணறு, குளம் போன்ற பொது இடங்களில் மதத்தின் பெயரால் தடுக்கக் கூடாது என்கிறது. தனியார் வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2005இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை தரும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

ஆகவே நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான். போனில் முதல் வாக்கியத்திலேயே உங்கள் பெயர், ஊர், வேலை, எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். மறுப்பவர் அப்போதே மறுத்துவிடுவார். உங்கள் ஒரு நாள் விடுப்பும் பஸ் செலவும் மிஞ்சும். வேறு பெயரில் பேசுவது, நண்பர் பெயரில் ஒப்பந்தம் எழுதுவது வேண்டாம். பொய்யில் தொடங்கிய குடித்தனத்தில் நிம்மதி இருக்காது. அசைவம் சமைப்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். தரகரையும் டூ-லெட் போர்டையும் மட்டும் நம்பாமல் அந்தப் பகுதிப் பள்ளிவாசல் இமாம், அலுவலக நண்பர்கள், பிள்ளைகள் சேரப்போகும் பள்ளியின் பெற்றோர் ஆகியோரிடம் சொல்லி வையுங்கள். தெரிந்த ஒருவர் "நல்ல குடும்பம்" என்று சொன்னால் பல கதவுகள் திறக்கும். மாற்று மத நண்பர்கள் முன்னின்று வீடு பிடித்துக் கொடுத்த குடும்பங்கள் நம் ஜமாஅத்திலேயே உண்டு.

ஒன்றை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். சொந்த வீடு வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர், கேட்டு வருபவரின் மதம், சாதி பார்க்காமல் வாடகைக்கு விடுகிறோம்?

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

தண்ணீர் முதலில். மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, லாரியா, கோடையில் எப்படி என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கட்டும். சரியான பதில் அங்கேதான் வரும்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழகத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில் அந்தச் சலுகை பெரும்பாலும் குடியிருப்பவர் கைக்கு வருவதில்லை. அப்பார்ட்மென்ட் என்றால் மெயின்டனன்ஸ் எவ்வளவு, வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று கேளுங்கள்.

விருந்தினர் ஹாலில் இருக்கும்போது வீட்டுப் பெண்கள் சமையலறைக்கும் கழிவறைக்கும் மறைவாகப் போய்வர முடியுமா? கதவைத் திறந்தால் எதிர்வீட்டு ஹால் தெரிகிறதா? ஒரு திரைச்சீலையில் தீரும் குறையா, தீராததா என்று பாருங்கள். கழிவறை கிப்லாவை நோக்கி அமைந்திருந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் கட்டடத்துக்குள் சலுகை உண்டு. ஹனஃபிகள் உட்காரும்போது சற்றுத் திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம். இதற்காக நல்ல வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை.

ஒப்பந்தமும் முன்பணமும்

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்து எண் பெற வேண்டும். இதற்கு அரசு இணையதளம் உண்டு. 11 மாத ஒப்பந்தம்தானே என்று விட்டுவிடக் கூடாது. அதற்கும் இது பொருந்தும்.

இருவரும் ஒத்துக்கொண்டு வேறு விதமாக எழுதாதவரை, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். சட்டத்தை எடுத்துச் சொல்லிப் பணிவாகப் பேசினால் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

வாடகையையும் அட்வான்ஸையும் வங்கி வழியாகக் கொடுங்கள். குடிபுகும் அன்று சுவர், குழாய், கதவு, மின்விசிறி எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. எழுதிக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

ஒத்தி வீடு வேண்டுமா?

இப்போது அந்த ஆறு லட்சத்துக்கு வருவோம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் மூன்று ஆண்டு குடியிருந்து, போகும்போது முழுத்தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வதை ஒத்தி, போக்கியம், லீஸ் என்று பல பெயரில் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும், முழுமையாகத் திரும்பி வரும் பணம் கடன்தான். அந்தக் கடனுக்காக வாடகையில்லாமல் குடியிருப்பது கடனால் வரும் ஆதாயம். கடன் கொடுத்தவர் அதைக் கொண்டு பெறும் ஆதாயம் வட்டி என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. மாதம் நூறு ரூபாய் பெயருக்கு வாடகை வைத்தாலும், பெரிய தொகை கொடுத்து வாடகையைப் பாதியாகக் குறைத்தாலும் உள்ளே இருப்பது அதேதான். முறையான வாடகையும், பாதுகாப்புக்காக வழக்கமான அட்வான்ஸும் இதில் சேராது.

உலக நோக்கிலும் ஆபத்து உண்டு. ஒத்திப் பணம் தேடும் வீட்டுக்காரர் பலர் ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்து தவணை தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். ஸ்டாம்ப் பேப்பரில் மட்டும் எழுதி, பதிவு செய்யாமல் பணம் கொடுத்தவர் அப்போது தெருவில் நிற்க வேண்டியிருக்கும். பெரிய தொகை எதுவானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

ஏற்கெனவே ஒத்தியில் இருப்பவர்கள் பதற வேண்டாம். வீட்டுக்காரரோடு பேசி நியாயமான மாத வாடகைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். உங்கள் பகுதி ஆலிமிடம் விவரம் சொல்லி வழி கேளுங்கள்.

குடிபுகுந்த பிறகு

போன வாரமே அந்த மஹல்லா ஜமாஅத்தில் பெயர் பதிந்துவிடுங்கள். ஊர் ஜமாஅத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போனால் எளிது. நிக்காஹ் என்றாலும் மையவாடி என்றாலும் அவசரத்தில் அலையும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. பிள்ளைகளின் டி.சி.யோடு எமிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் இணைப்பு இவற்றின் முகவரியை மாற்றப் பதிவு செய்த ஒப்பந்தம் கைகொடுக்கும்.

இரண்டு அண்டை வீட்டாரில் யாருக்கு அன்பளிப்பு கொடுக்கலாம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, யாருடைய வாசல் அருகில் இருக்கிறதோ அவருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்ன செய்தி புகாரியில் உள்ளது. முதல் வாரமே அந்த வாசலைத் தட்டி அறிமுகமாகுங்கள். அவர்கள் சைவம் என்றால் பழமோ இனிப்போ கொடுங்கள். குர்பானியை அப்பார்ட்மென்ட் வளாகத்தில் செய்யாமல் ஜமாஅத்தின் கூட்டுக் குர்பானியில் சேர்ந்துகொள்ளுங்கள். படிக்கட்டில் செருப்பைக் குவிக்காதீர்கள், வண்டியை அடுத்தவர் இடத்தில் நிறுத்தாதீர்கள்.

அந்தச் சகோதரர் நகையை அடகு வைக்கவில்லை. மேலும் இரண்டு வாரம் மேன்சனில் தங்கித் தேடினார். பல்லாவரம் பக்கத்தில் ஒரு இமாம் சொல்லி, வயதான இந்துத் தம்பதியின் மாடி வீடு கிடைத்தது. வாடகை அவர் நினைத்ததைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். போன பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது, கீழ்வீட்டு அம்மா தன் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதாகச் சொன்னார். "அந்த வீட்ல அடுத்து காலியானாலும் நம்ம ஆளுங்களுக்கே குடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க ஹஜ்ரத்" என்றார்.

நாம் குடியிருந்து காலி செய்யும் வீட்டில் அடுத்து வரும் முஸ்லிம் குடும்பத்துக்கு எளிதாக இடம் கிடைக்கும்படி வாழ்ந்துவிட்டு வருவோம். வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு நிம்மதியான இல்லங்களையும் நல்ல அண்டை வீட்டாரையும் தந்தருள்வானாக. ஆமீன்.