ஐதராபாத் வழியே காசிக்கு



முதுகில் ஒரு பை. முன்னே ஒரு வழிகாட்டி. உடன் பத்துப் பன்னிருவர். லாவோஸ் போன்ற, நம்மவர் அதிகம் சென்றறியாத வெப்பநாடு ஒன்றில், ஆற்றைப் படகில் கடந்தும், காட்டுவழியில் நடந்தும், சிற்றூர் விடுதிகளில் தங்கியும் இரண்டு மூன்று வாரங்களைக் கழித்துத் திரும்பும் குழுப் பிரயாணம் இன்று நம் இளைஞரிடையே பரவி வருகின்றது. ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், இத்தகைய பிரயாணத்திற்குப் பணம் கட்டிவிட்டு, "முன்பின் அறியாதவர்களோடு, முன்பின் அறியாத நாட்டுக்கா?" என்று வினவும் பெற்றோர்க்கு விடை கூற இயலாமல் விழிக்கும் பிள்ளைகள் உண்டு. பெற்றோரின் வினா நியாயமானது. அதற்குரிய விடையை விளம்பரத் தாள்களில் தேடுவதைக் காட்டிலும், இந்நகரத்தின் வழியாகவே 1830-ஆம் ஆண்டில் சென்ற ஒரு பெருங்கூட்டத்தின் வரலாற்றில் தேடுவது பயன் தரும்.

கூடி வழிச்செல்லுதல் தமிழர்க்குப் பழைய பழக்கம். வணிகர் பொதி சுமந்த கழுதைகளோடு திரளாகச் சென்றதைச் சங்க நூல்கள் 'சாத்து' என்று குறிக்கின்றன. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி சொல்லும் முறையில் அமைந்த நூல்களுக்கு ஆற்றுப்படை என்று பெயர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. எந்த வழியே செல்வது, எங்கே தங்குவது, எவ்வூரில் என்ன உணவு கிட்டும், எவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பவை அவற்றில் விரிவாக வரும். வழியை அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் கருத்து அவற்றின் உயிர்நாடி. நாம் பேசப்போகும் மனிதரும் இக்கடமையை உணர்ந்தவர். ஆனால் அவர் எழுதியது தெலுங்கில்.

அவர் பெயர் ஏனுகுல வீராசாமி. சென்னையில் வாழ்ந்த தெலுங்கர். தெலுங்கு, தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றில் பயிற்சி மிக்கவர். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்தவர். நீதிபதிகளிடம் விடுமுறை பெற்றுக்கொண்டு, 1830-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை இரவில், தண்டையார்பேட்டையை விட்டுப் புறப்பட்டு மாதவரம் சேர்ந்தார். குடும்பத்தார், உறவினர், ஏவலர், பல்லக்குத் தூக்குவோர், காவடியில் மூட்டை சுமப்போர் என அவரோடு சென்றவர் ஏறக்குறைய நூறு பேர். காசி, கயை, கல்கத்தா, ஜகந்நாதம் ஆகியவற்றைக் கண்டு, கிழக்குக் கடற்கரை வழியே, 1831-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் சென்னைக்குத் திரும்பினார். பதினைந்து மாதமும் பதினைந்து நாளும் கொண்ட நெடும் பிரயாணம் அது.

அந்நாளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1853-இல். வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு இருப்புப்பாதை வந்தது 1874-இல். 1830-இல் சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கு வருவோர் கால்நடையாகவோ, மாட்டு வண்டியிலோ, குதிரையிலோ, பல்லக்கிலோதான் வரவேண்டும். இன்று நாம் ஓர் இரவு உறங்கி எழும் நேரத்தில் கடக்கும் தொலைவு, அவருக்குத் திருப்பதி, கடப்பை, அகோபிலம், ஸ்ரீசைலம் எனப் பல வாரங்கள் நீண்டது. ஸ்ரீசைலம் நல்லமலைக் காட்டின் நடுவே உள்ளது. செஞ்சு மக்கள் வாழும் அக்காட்டில் வழி அறிந்தவர் துணையின்றி வெளியூரார் செல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். காட்டைக் கடந்து, கிருஷ்ணை நதியையும் கடந்த பிறகே நிஜாமின் நாடு தொடங்கும்.

அக்கரை அடைந்தவர்க்கு அது அயல்நாடு போன்றதே. ஆட்சி வேறு, நீதிமுறை வேறு, நாணயமும் வேறு. கம்பெனியார் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் ஒரே ரூபாயை வகுத்தது 1835-இல். அதற்கு முன், ஒரு நாட்டின் ரூபாயை மற்றொரு நாட்டில் மாற்றவேண்டுமாயின் வட்டம் கொடுக்கவேண்டும். பெருந்தொகையைக் கையில் கொண்டு செல்ல அஞ்சியோர், சாகுகாரர் எழுதித் தரும் உண்டியலை நம்பினர். பாளையத் தலைவர்களுக்குள் ஓயாத பூசல் வேறு. இத்தகைய நாட்டில் நூறு பேரை நடத்திச் செல்பவர், நாள்தோறும் மாலைக்குள் தண்ணீரும் விறகும் அரிசியும் தங்குமிடமும் தேடியாக வேண்டும். பல்லக்கில் இருப்பவர் எவ்வளவு விரைய விரும்பினும், மூட்டை சுமந்து கடைசியில் வருபவன் நடக்கும் வேகமே அக்கூட்டத்தின் வேகம்.

வீராசாமி ஐதராபாத்துக்கு வந்தபொழுது ஆண்டவர் நாசிர் உத்தௌலா. 1829-இல் பட்டத்துக்கு வந்தவர். நிர்வாகத்தில் ஓங்கி நின்றவர் சந்துலால். மூசி நதியின் தென்கரையில் மதில் சூழ்ந்த நகரம். சார்மினாரும் மக்கா மசூதியும் அதனுள்ளே. வடகரையில் பேகம் பஜார். சற்றுக் கிழக்கே, கர்க்பாட்ரிக் என்னும் ஆங்கிலப் பிரதிநிதி எழுப்பிய ரெசிடென்சி மாளிகை. பின்னாளில் கோட்டியில் மகளிர் கல்லூரி அமைந்தது அம்மாளிகையில்தான். மூசியைக் கடக்க 1578-இல் கட்டிய பழைய பாலம் இருந்தது. சாதர்காட் பாலம் முடிந்தது 1831-இல், வீராசாமி சென்ற மறு ஆண்டில். உசேன் சாகர் ஏரிக்கு அப்பால், 1806-இல் தோன்றிய செகந்திராபாத் படைவீடு வளர்ந்துகொண்டிருந்தது.

இந்நகரத்தில் அவர் பேகம் பஜாரில் தங்கினார். சென்னையிலிருந்து வந்தவர் கண்ணுக்கு முதலில் பட்டது, தெருவில் நடமாடுவோர் ஆயுதம் தாங்கியிருந்தமை. நம்மில் பலர் இந்நகரில் வந்திறங்கிய முதல் நாளை மறந்திருக்க மாட்டோம். பெயர்ப்பலகையின் எழுத்து புரியாமலும், கடைக்காரர் சொன்ன விலை சரிதானா என்று ஐயுற்றும், வழி கேட்க யாரை அணுகலாம் என்று முகங்களைப் பார்த்தும் நின்றிருப்போம். அத்தயக்கம் நமக்கு முன்பும் பலர்க்கு இருந்தது. ஆயினும் வீராசாமி கண்டவற்றைக் குறித்துக்கொண்டார்: ஏரி, பாளையம், கடைவீதி, ஊரின் அமைப்பு, மக்களின் நடை. தயக்கத்தைக் கவனிப்பாக மாற்றிக்கொண்ட இந்தப் பண்பே அவரை வெறும் யாத்திரிகர் நிலையிலிருந்து உயர்த்தியது.

ஐதராபாத்திலிருந்து வடக்கே கோதாவரி, நிர்மல், நாகபுரி, ஜபல்பூர் என வழி நீண்டது. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகும். நிர்மலுக்கு அப்பால் உள்ள கரிசல் மண்ணில் மழை பெய்தால் கால் புதையும். இவற்றினும் கொடியது மனிதரால் வரும் ஆபத்து. தக்கர் என்னும் கொலைஞர் யாத்திரிகர் வேடம் பூண்டு, வழியில் எதிர்ப்படுவோரிடம் இனிக்கப் பேசி, "வாருங்கள், சேர்ந்தே போவோம்" என்று அழைத்து, நம்பிக்கை முற்றியபின் துணியால் கழுத்தை நெரித்துப் பொருளைக் கவர்ந்தனர் என அக்காலத்து ஆங்கில அதிகாரிகளின் ஆவணங்கள் கூறுகின்றன. ஜபல்பூர்ப் பகுதியில் ஸ்லீமன் என்பார் அவர்களை ஒடுக்கும் பணியில் முனைந்திருந்த காலமும் இதுவே. அந்த எண்ணிக்கைகள் மிகைப்பட்டவை என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எண்ணிக்கை எதுவாயினும், வழித்துணையே பகையாகலாம் என்னும் அச்சம் மெய்யானது. ஆகவே, இன்றைய பெற்றோர் கேட்கும் வினாவை அன்றைய பெற்றோரும் கேட்டனர் என்று நாம் கொள்ளலாம்.

அக்கூட்டம் எவ்வாறு சிதறாமல் சென்றது? கூட்டத்தின் பொறுப்பு முழுவதும் ஒருவர் தலைமீது இருந்தது. பிரயாகையிலும் கயையிலும் ஜகந்நாதத்திலும் கம்பெனியார் யாத்திரிகரிடம் வரி வாங்கிய காலம் அது. அவ்வரி 1840-இல்தான் நீக்கப்பட்டது. அதிகாரிகளோடு வழக்காட ஆங்கிலம் வேண்டும். சுங்கச் சாவடியில் பேச அந்தந்த நாட்டு வழக்கம் தெரியவேண்டும். நோயுற்றவர்க்காகக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். கோர்ட்டில் இரு தரப்பாரிடையே நின்று மொழிபெயர்த்தவர், வழியெங்கும் தம் கூட்டத்துக்கும் அயலூராருக்கும் இடையே நின்றார். வழிகாட்டி என்பவரின் உண்மையான தொழில் இதுவே. வழி தெரிந்திருத்தல் அதில் ஒரு பகுதி. தம்மை நம்பி வந்தவர்க்காக விடை சொல்லக் கடமைப்பட்டிருத்தல் மற்றொரு பகுதி.

அவர் செய்த பெரும்பணி இன்னொன்று. தங்கிய ஊர்தோறும் குறிப்பு எழுதினார். அடுத்த ஊர் எத்தனை தூரம், கடைகள் உண்டா, தண்ணீர் எப்படி, இறங்கத் தக்க இடம் எது என்று பின்வருவோர்க்குப் பயன்படும்படி எழுதினார். சென்னைக் கோமளேசுவரன்பேட்டையைச் சேர்ந்த நண்பர் சீனிவாச பிள்ளைக்கு வழியிலிருந்து செய்திகளை எழுதி வந்தார். வீராசாமி 1836-இல் மறைந்தார். நண்பர் அக்குறிப்புகளைத் தொகுத்து 1838-இல் 'காசியாத்திர சரித்திர' என அச்சிட்டார். தெலுங்குப் பயண இலக்கியத்தில் முன்னோடியாக அது போற்றப்படுகின்றது. 1941-இல் திகவல்லி வேங்கட சிவராவ் அதனை மீண்டும் பதிப்பித்தார். 1973-இல் ஐதராபாத்திலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பனையூர் வெங்கு முதலி என்பார் அதனைத் தமிழிலும் ஆக்கினார். எனினும் தமிழருள் அதை அறிந்தவர் மிகச் சிலர். தெலுங்கு பேசும் நாட்டில் வாழும் நாம், இரு மொழிக்கும் உரிய இச்செல்வத்தை அறிந்து மகிழவேண்டாவா?

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத பகுதியும் ஒன்று உண்டு. வீராசாமி பெரும்பாலும் பல்லக்கில் சென்றார். அவர் கண்ட ஆறுகளையும் மலைகளையும் அவரைத் தோளில் சுமந்தவர்களும் கண்டார்கள். கரிசல் சேற்றில் புதைந்த கால்கள் அவர்களுடையவை. அவர்கள் எழுதிய நாட்குறிப்பு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. காசியின் புண்ணியம் தூக்கியவர்க்கு எவ்வளவு, இருந்தவர்க்கு எவ்வளவு என்று பங்கிட்டுச் சொல்ல நம்மால் இயலாது. ஆயினும் அவர்களை மறந்து அக்கூட்டத்தின் கதையைச் சொல்வது அறமாகாது.

இங்கேதான் நம் இளைஞரின் முதுகுப் பை எனக்கு மதிப்புடையதாகத் தோன்றுகின்றது. தன் மூட்டையைத் தானே சுமப்பவனுக்கு எது தேவை, எது மிகை என்று முதல் மைலிலேயே தெரிந்துவிடும். ஆயினும், வெப்பநாடுகளின் மலைவழிகளில் இன்றும் குழுவின் அரிசியையும் கூடாரத்தையும் சுமக்கும் உள்ளூர்க் கூலியாட்கள் உண்டு. அவர்கள் பெயரைக் கேட்டறிந்து, அவர்கள் உண்டபின் உறங்கச் செல்வது கூட்டத்தில் சேர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் கடன்.

ஆகவே, பிள்ளையைத் தடுக்கும் பெற்றோர் மூன்று வினாக்களை மட்டும் கேட்கட்டும். உங்கள் குழுவில் ஒருவர்க்கு நோய் வந்தால் உடன் நிற்கப் பொறுப்பேற்றவர் யார்? மெதுவாக நடப்பவர்க்காக மற்றவர் காத்திருப்பார்களா? சுமப்பவர்க்கு உரிய கூலியும் உணவும் உண்டா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிட்டுமாயின், வாழ்த்தி அனுப்பலாம். அனுப்பும்போது பையில் ஒரு சிறு குறிப்பேட்டையும் வைத்து அனுப்புங்கள். திரும்பி வரும் பிள்ளை, அடுத்துச் செல்வோர்க்கு அதில் வழி எழுதித் தரட்டும்.