சிப் மாறும், கர்னல் மாறாது

கேட்ட பாகம் கேட்ட நேரத்தில் கிடைக்காது என்பதை மின்னி பேயில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சென்னை 1,300 கிலோமீட்டருக்கு மேல். எதுவானாலும் மெயின்லேண்டிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும். 2021-ல் உலகம் முழுக்க மைக்ரோகண்ட்ரோலருக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெரிய ஊர்க்காரர்களும் எங்கள் கதிக்கு வந்தார்கள். இந்த சிப் இல்லையென்றால் வேறு சிப்பில் நம் புரோகிராம் ஓடுமா? பழைய கேள்விதான் இது.

ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம் என்றதும் விண்டோஸ் மாதிரி ஒன்றை நினைத்துவிடாதீர்கள். சில கிலோபைட்டில் அடங்கும் சின்ன கர்னல் அது. வேகம் அதற்கு இரண்டாம்பட்சம். சொன்ன கெடுவுக்குள் வேலையை முடிப்பதுதான் முக்கியம். 1980-களில் இவற்றைப் பெரும்பாலும் அசெம்பிளியில் எழுதினார்கள். சிப் மாறினால் திரும்ப முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

1992-ல் ழான் லப்ரோஸ் தன்னுடைய மைக்ரோ சி/ஓஎஸ் கர்னலை ஒரு பத்திரிகைக் கட்டுரையாகவே வெளியிட்டார். பெரும்பகுதி சி மொழி; சிப்பைச் சார்ந்த கொஞ்சம் மட்டும் தனியாக. 2003-ல் ரிச்சர்ட் பேரி கொண்டுவந்த ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸும் இதே வழிதான். டாஸ்க், க்யூ, லிஸ்ட் என்று பொதுவான கோப்புகள் ஒரு பக்கம். ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்பது, டைமர் டிக், இன்டரப்டை அடைப்பது எல்லாம் 'போர்ட்' என்ற தனி அடுக்கில்.

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? 8051-ஐப் பாருங்கள். அதன் ஸ்டாக் உள் நினைவகத்தில்தான் இருக்க முடியும். இடமோ மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு முறை டாஸ்க் மாறும்போதும் ஸ்டாக் முழுவதையும் வெளி நினைவகத்துக்கு நகலெடுக்கிறது அந்த போர்ட். ஓடும், ஆனால் நேரம் போகும். ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகையில் நேர்மாறு. டாஸ்க் மாற்றுவதற்கென்றே ஒரு இன்டரப்டை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு போர்ட் பல கம்பெனி சிப்களுக்கு ஆகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 2014-ல் சக்தி திட்டத்தைத் தொடங்கினார்கள். அடிப்படை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ். 2018-ல் ரைஸ்க்ரீக் இன்டெல்லிலும், ரிமோ சண்டிகரிலும் தயாராகி வந்தன. 2020-ல் மூன்றாவதாக மௌஷிக். சக்தியின் சிறிய ரகமான இ-கிளாஸில் ஓடுவது ஃப்ரீஆர்டிஓஎஸ்.

இங்கும் ஒரு சிக்கல். ரிஸ்க்-ஃபைவ் என்று பெயர் ஒன்றானாலும் டைமர் இருக்கும் முகவரி சிப்புக்குச் சிப் மாறலாம். கூடுதல் ரெஜிஸ்டர்களும் இருக்கலாம். அதனால் ஃப்ரீஆர்டிஓஎஸ் தன் ரிஸ்க்-ஃபைவ் போர்ட்டுக்குள்ளேயே சிப்புக்கான துண்டை இன்னொரு முறை பிரித்து வைத்தது.

சொந்த சிப் என்று நாம் பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் புது சிப்புக்கு முதல் நாளே மென்பொருள் கிடைப்பது, எங்கே கோடு போட்டுப் பிரிக்க வேண்டும் என்று முப்பது வருஷமாக யோசித்தவர்களால்தான். அந்தக் கோட்டைச் சரியாகப் போட்டவர் 2021-ல் சில கோப்புகளை மாற்றினார். போடாதவர் முழு புரோகிராமையும் மாற்றினார்.