தில்லியின் பழைய அடுப்புகள்

பட்டர் சிக்கன், சோலே பட்டூரா, மோமோ என்று தில்லிக்குப் போய் வந்தவர்கள் முதலில் சொல்லும் மூன்று பண்டங்களும் அந்நகரில் பரவியது 1947-க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய தில்லியின் நாக்கு வேறு. அதை அறிய வேண்டுமானால் பழைய தில்லிக்கு, அதாவது ஷாஜஹானாபாத்துக்குப் போக வேண்டும்.

ஷாஜஹான் 1639-இல் தொடங்கிய இந்நகரின் கோட்டை 1648-இல் முடிந்தது. அவர் மகள் ஜஹனாரா திட்டமிட்ட சாந்தினி சவுக் கடைவீதி செங்கோட்டைக்கு எதிரே தொடங்கி, மேற்கே பதேபூரி மசூதியில் முடிகிறது. மசூதிக்குப் பக்கத்தில் காரி பாவ்லி என்னும் மசாலாச் சந்தை. மிளகும் மஞ்சளும் வற்றலும் இன்றும் மூட்டை மூட்டையாகக் கைமாறும் அந்தத் தெருவில் தும்மாமல் நடப்பது கடினம்.

பழைய தில்லி முஸ்லிம் வீடுகளின் முக்கிய உணவு நிஹாரி. காலைப் பொழுதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. முன்னங்கால், பின்னங்கால் இறைச்சியை நல்லி எலும்போடு பெரிய பானையில் இட்டு, இரவு முழுக்கச் சிறு தணலில் வேகவிடுவார்கள். விடியலில் குழம்பு பசைபோலத் திரண்டிருக்கும். புளித்த மாவில் சுட்ட கமீரி ரொட்டிதான் அதற்குத் துணை. நம் ஊர் ஆட்டுக்கால் பாயாவை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும். பாயா நீர்த்தது, நிஹாரி கனத்தது. ஜாமா மசூதிக்குத் தெற்கே சித்லி கபர் பகுதியில் ஹாஜி ஷப்ராத்தி கடை இதற்குப் பெயர்பெற்றது. கல்லு என்னும் இன்னொரு கடையிலோ காலை உணவான நிஹாரி மாலையில்தான் விற்பனைக்கு வருகிறது. சிறிது நேரத்தில் பானை காலியாகிவிடும்.

இந்து, சமண வணிகர்களின் தெருக்களில் நெய் ஆண்டது. 1790-இல் தொடங்கிய கண்டேவாலா இனிப்புக் கடை சோஹன் அல்வாவுக்குப் புகழ்பெற்றது. முகலாய அரசரின் யானை கடை வாசலில் நின்று கழுத்து மணியை ஆட்டும், அதனால் அந்தப் பெயர் என்பது ஊரார் சொல்லும் கதை. இரண்டு நூற்றாண்டு தாண்டிய அந்தக் கடை 2015-இல் மூடப்பட்டு, 2024-இல் மீண்டும் திறந்தது. காலை நேரத்தில் இப்பகுதிக்குப் போகிறவர்கள் பேட்மி பூரி கேட்டு வாங்க வேண்டும். உளுந்தை அரைத்து உள்ளே வைத்துப் பொரித்த மொறுமொறுப்பான பூரி, அதோடு காரமான உருளைக்கிழங்குக் குழம்பு. ரவைக் கேசரி போன்ற அல்வாவோடு தரும் குட்டி நாகோரி பூரியும் அதே அடுப்பிலிருந்துதான் வரும். சாவ்ரி பஜாரில் இரண்டும் கிடைக்கும்.

1857 கலகம் தோற்றதும் முகலாய அரசர் பகதூர் ஷா ஜாபர் ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டார். அரண்மனைச் சமையலறைகளின் அடுப்பு அணைந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் புகழ்பெற்ற கடைகள் தெருவோரத்தில் எழுந்தவை. வெள்ளிப் பாத்திரம் விற்ற ஒரு சந்தில் 1870-களில் பராத்தா கடைகள் வந்தன. இன்று அச்சந்தின் பெயரே பராத்தே வாலி கலி. இங்கே பராத்தாவைத் தோசைக்கல்லில் சுடுவதில்லை. இரும்புச் சட்டியில் நெய்யூற்றிப் பொரிக்கிறார்கள். வெங்காயம், பூண்டு சேர்வதில்லை. தொட்டுக்கொள்ளப் பரங்கிக்காய்க் கறியும் வாழைப்பழம் போட்ட இனிப்புச் சட்னியும் வரும். தரீபா தெருமுனையில் 1884 முதல் நடக்கும் ஜிலேபிக் கடையில் தடித்த ஜிலேபியைச் சூடாக வாங்கி நின்றபடியே தின்பதுதான் வழக்கம்.

அரசவைச் சமையல் வேறு வழியில் திரும்பி வந்தது. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு தர்பார் 1911-இல் தில்லியில் நடந்தபோது, அரண்மனைச் சமையல்காரர் வம்சத்தில் வந்த ஹாஜி கரீமுதீன் அங்கு கூடிய கூட்டத்துக்குச் சாப்பாட்டுக் கடை போட்டார். உருளைக்கிழங்கு போட்ட கறிக்குழம்பு, பருப்பு, ரூமாலி ரொட்டி, இவ்வளவுதான் பட்டியல். 1913-இல் ஜாமா மசூதிக்கு எதிரே கலி கபாபியானில் கரீம்ஸ் நிலையான கடையானது. அது இன்றும் அங்கேயே இருக்கிறது. அதே தர்பாரில் அறிவிக்கப்பட்ட புதிய தலைநகரம் எழுந்தபின் கன்னாட் பிளேஸில் கேக்கும் காபியும் வந்தன. அங்குள்ள வெங்கர்ஸ் பேக்கரி 1926-இல் தொடங்கியது.

நகரின் ருசியைப் புரட்டிப்போட்டது பிரிவினைதான். 1941-இல் தில்லியின் மக்கள்தொகை சுமார் 9.18 லட்சம், 1951-இல் 17.44 லட்சம். மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் வந்த அகதிகள் நகரை நிறைத்தார்கள். பழைய தில்லி முஸ்லிம் குடும்பங்கள் பல பாகிஸ்தானுக்குப் போயின. பெஷாவரில் உணவகத் தொழில் பார்த்த குந்தன் லால் குஜ்ரால், உடன் தொழில் செய்தவர்களோடு தரியாகஞ்சில் மோத்தி மஹாலை 1947-இல் தொடங்கினார். பஞ்சாபில் ரொட்டி சுடப் பயன்பட்ட தந்தூர் அடுப்பில் கோழி சுட்டு விற்றார்கள். சுட்ட கோழி காய்ந்துபோகாமல் இருக்கத் தக்காளி, வெண்ணெய், பாலாடை சேர்த்த குழம்பில் போட்டதில் பட்டர் சிக்கன் உருவானது என்பார்கள். அதை முதலில் செய்தவர் யார் என்பதை வைத்து அந்தக் கூட்டாளிகளின் வாரிசுகள் 2024-இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். பஹார்கஞ்சின் சீதா ராம் திவான் சந்த் கடையில் பட்டூராவுக்குள் பனீர் இருக்கும். இரண்டு தின்றால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம்.

1959-க்குப் பின் வந்த திபெத்திய அகதிகளின் குடியிருப்பு யமுனைக் கரையில் மஜ்னு கா டீலாவில் அமைந்தது. மோமோவும் துக்பாவும் அங்கே வீட்டுச் சாப்பாடு. தெற்கத்திச் சமையலுக்கும் இன்று தில்லியில் இடமுண்டு: அசோகா சாலை ஆந்திர பவன் கேன்டீனில் பருப்புப்பொடி சாதத்துக்குப் பஞ்சாபிகளே வரிசையில் நிற்கிறார்கள்.

தேதியும் உரிமையாளரும் இல்லாத பண்டமும் ஒன்று உண்டு. அது தௌலத் கி சாட். சாட் என்று பெயர் இருந்தாலும் புளிப்போ காரமோ கிடையாது. பாலையும் பாலாடையையும் குளிர்கால இரவில் திறந்த வெளியில் வைத்து, விடிவதற்குள் கடைந்து, மேலே எழும் நுரையை மட்டும் அள்ளி எடுக்கிறார்கள். குங்குமப்பூ, சர்க்கரை, பிஸ்தா தூவினால் ஆயிற்று. வாயில் வைத்ததும் கரைந்துவிடும். லக்னோவில் இதற்கு வேறு பெயர், காசியில் வேறு பெயர். செய்முறை ஏறக்குறைய ஒன்றே. சாந்தினி சவுக், சாவ்ரி பஜார் மெட்ரோ நிலையங்களில் இறங்கி நடந்தால், மெல்லிய துணி மூடிய பெரிய தட்டோடு நிற்கும் வியாபாரியைக் காணலாம். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும் என்பதால் காலையிலேயே போக வேண்டும். பிப்ரவரி கடந்துவிட்டால் அடுத்த குளிர்காலம் வரை அது கிடைக்காது.