கம்பளிச் சந்தையும் ஆனந்த குமாரசுவாமியின் அச்சுக்கூடமும்

இங்கிலாந்தின் சிறுநகரங்கள் சிலவற்றின் பெயர்களில் 'சிப்பிங்' என்ற முன்னொட்டைக் காணலாம். பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சந்தை என்பது பொருள். குளொஸ்டர்ஷயரில், கொட்ஸ்வோல்ட் குன்றுகளிடையே அமைந்த சிப்பிங் கம்டனும் அத்தகைய சந்தை நகரமே. இலண்டன் சென்றிருந்த வேளை, ஒரு நூல் பிறந்த இடத்தைக் காணும் ஆவலில் அங்கு போனேன். அந்நூலைப் பின்னர் குறிப்பிடுகிறேன்.

இந்நகரை வளர்த்தது ஆட்டு உரோமம். 1401 இல் மறைந்த வணிகர் வில்லியம் கிறெவெலை, இங்கிலாந்தின் கம்பளி வணிகருள் தலைசிறந்தவரெனத் தேவாலயத்திலுள்ள பித்தளைப் பட்டயம் போற்றுகிறது. 1627 இல் சேர் பப்ரிஸ்ற் ஹிக்ஸ் கட்டுவித்த சந்தை மண்டபம், தேன்நிறக் கல் வளைவுகளோடு பெருந்தெருவில் இன்றும் நிற்கிறது. அவரது மாளிகையோ 1645 இல், உள்நாட்டுப் போரின்போது, அங்கு தங்கியிருந்த அரச படையினராலேயே வெளியேறுகையில் எரியூட்டப்பட்டது. ஊரை விட்டுப் போகும் படை என்ன செய்யும் என்பதை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அருகிலுள்ள குன்றில் 1612 அளவில் றொபேட் டோவர் தொடக்கிய விளையாட்டு விழாவில், ஒருவர் முழந்தாளுக்குக் கீழே மற்றவர் உதைக்கும் போட்டியும் உண்டு. அதைக் காணாததில் எனக்கு வருத்தமில்லை.

கம்பளி வணிகம் நலிந்தபின் இடித்துக் கட்டப் பணமில்லாததாலேயே பழைய கட்டடங்கள் தப்பின எனலாம். 1902 இல் கட்டடக்கலைஞர் ஆஷ்பீ, கிழக்கு இலண்டனிலிருந்து தமது கைவினைச் சங்கத்தினரை, குடும்பங்களோடு ஏறத்தாழ 150 பேரை, இங்கு குடியேற்றினார். பழைய பட்டு ஆலை அவர்களது பட்டறையாயிற்று.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877 இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுப் பணியை முடித்தபின் 1907 இல் இங்கு வந்தார். அயற்கிராமமான புறோட் கம்டனில், ஆஷ்பீ புதுப்பித்துக் கொடுத்த நோர்மன் சப்பெல் அவரது இல்லமாயிற்று. வில்லியம் மொறிஸின் அச்சகத்திலிருந்து ஆஷ்பீ வாங்கியிருந்த அச்சியந்திரம் அவ்வில்லத்திற்கு வந்தது. அதில்தான் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூல் 425 பிரதிகள் கையால் அச்சிடப்பட்டு, 1908 இல் நிறைவெய்தியது. படங்களுக்காகப் புகைப்படக் கருவியைத் தூக்கித் திரிந்தவர் அவரது மனைவி எதெல். தமிழ்த் தந்தையின் மகன் சிங்களக் கைவினைக்குச் செய்த இப்பணியை இரு சாராருமே போதியளவு நினைவுகூர்வதில்லை என்பது என் கருத்து.

அந்நியர் ஆட்சியிலும் வணிகப் போட்டியிலும் கண்டிக் கைவினைஞர் நலிந்ததை அந்நூல் பேசுகிறது. அது அச்சேறிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஆலைப் பொருள்களின் மலிவுக்கு ஈடுகொடுக்கவியலாது ஆஷ்பீயின் சங்கமும் 1908 இல் கலைந்தது. சங்கத்தவர் சிலர் மட்டும் ஊரிலேயே தங்கினர்.

பட்டு ஆலையின் மாடியில், அவர்கள் வழிவந்த ஹார்ட் குடும்பத்தின் வெள்ளிப் பட்டறை தொடர்கிறது. நான் ஏறிச் சென்றபோது ஒருவர் கரண்டியொன்றைத் தட்டிச் சீர்செய்துகொண்டிருந்தார்.