அடுக்கு எண் 325

நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் குறுந்தொகையைத் தேடிப் போகிறவர் 894.811 என்ற எண் ஒட்டிய அடுக்கின் முன்னால் போய் நிற்க வேண்டும். அமெரிக்கரான மெல்வில் டூயி உருவாக்கி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு வாய்த்த இடம் அது. இலக்கியத்துக்கான 800 வரிசையில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830 என்று தொடங்கி கிரேக்கத்துக்கான 880 வரை எட்டுப் பெரிய அறைகள் ஐரோப்பிய மரபுக்கே போய்விடுகின்றன. உலகின் மற்ற மொழிகள் எல்லாம் 890க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் ஒரு புள்ளிக்குப் பின்னால் குடியிருக்கிறது.

இந்த வீட்டில் பெண்ணுக்கு எந்த மூலை? டூயி முறையின் பழைய பதிப்புகளில் பெண்ணின் நிலை பற்றிய நூல்களுக்கு 396 என்ற எண் தரப்பட்டிருந்தது. அது பழக்கவழக்கங்களுக்கான வரிசை. ஒருபக்கம் 395, சபை நாகரிகம். மறுபக்கம் 397, நாடோடிகளும் ஒதுக்கப்பட்ட இனங்களும். அடுத்தது 398, நாட்டார் கதைகள். பிற்காலத்தில்தான் அவள் சமூகவியலுக்குள் 305.4க்குக் குடிபெயர்ந்தாள். எண் என்பது வெறும் முகவரி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவரை எந்தத் தெருவில் குடிவைக்கலாம் என்ற தீர்ப்பும் அதற்குள் இருக்கிறது.

அடுக்குகளில் பெண்ணுக்கு இடம் குறைவாக இருந்தாலும், அவற்றைத் துடைத்து ஒழுங்குசெய்யும் வேலைக்கு அவள் வேண்டியிருந்தாள். 1877இல் லண்டனில் நடந்த நூலகர் மாநாட்டில், அமெரிக்க நூலகச் சங்கத்தின் முதல் தலைவர் ஜஸ்டின் வின்சர் பெண்களின் உழைப்பை மனமாரப் புகழ்ந்தார். அந்தச் சம்பளத்துக்கு அப்படிப்பட்ட ஆண் கிடைக்கமாட்டான் என்பது புகழ்ச்சிக்குள் இருந்த கணக்கு. 1887இல் டூயி கொலம்பியாவில் தொடங்கிய முதல் நூலகப் பள்ளியில் சேர்ந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்க்காத கல்லூரி அது. நிர்வாகிகளின் எதிர்ப்பால் இரண்டே ஆண்டில் பள்ளி ஆல்பனிக்குப் போக நேர்ந்தது. பெண்களுக்குக் கதவைத் திறந்தவர் என்று பேர்பெற்ற இதே டூயி, சக நூலகர்களான பெண்களிடம் அத்துமீறினார் என்ற புகார்களும் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அவர் பெயரில் அளித்துவந்த பதக்கத்திலிருந்து 2019இல்தான் அமெரிக்க நூலகச் சங்கம் அந்தப் பெயரை நீக்கியது.

அந்தப் பள்ளி பின்னர் கொலம்பியாவுக்கே திரும்பிவந்தது. 1932இல் அங்கே நூலகவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் டோரத்தி போர்ட்டர். 1905இல் பிறந்த அவர், வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1973 வரை 43 ஆண்டுகள் ஒரே தொகுப்பைக் கட்டி எழுப்பினார். ஜெஸ்ஸி மூர்லாண்ட் என்ற பாதிரியார் 1914இல் கொடுத்த சுமார் 3,000 நூல்கள்தான் அதன் முதல்.

நூல்களை எப்படி அடுக்குவது என்பதே அவருக்கு முதல் சிக்கலாக வந்தது. டூயி முறையில் கறுப்பின மக்களுக்கு வழக்கமாகக் கிடைத்த எண்கள் இரண்டு: 326 அடிமைமுறை, 325 குடியேற்றம். கறுப்பர் ஒருவர் கவிதை எழுதினாலும் பல வெள்ளையர் நூலகங்களில் அது 325க்குப் போனது. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதை நூல்களுக்கும் அதுதான் கதி. எழுதியவர் யார் என்று பார்த்தார்கள். எழுதியது என்ன என்று பார்க்கவில்லை.

போர்ட்டர் அந்த எண்களை ஏற்கவில்லை. ஹோவர்டில் அவருக்கு முன்பு பணிசெய்த நான்கு பெண் நூலகர்கள் தொடங்கிவைத்திருந்த வேலையை அவர் முழுமையாக்கினார். கவிதை கவிதையோடு சேர்ந்தது. மருத்துவம், இசை, வரலாறு, பொருளியல், சமயம் எல்லாம் அவரவர் துறைக்குப் போயின. கறுப்பின மக்கள் கைவைக்காத துறை இல்லை என்பதை ஒரு வாதமும் எழுதாமல் அடுக்குகளின் வரிசையே சொல்லியது.

நூல் வாங்கப் பணம் போதாது. பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினார். இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பரணில் கிடந்த தாள்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். 1946இல் வழக்கறிஞர் ஆர்தர் ஸ்பிங்கார்னின் பெருந்தொகுப்பைப் பல்கலைக்கழகம் வாங்குவதற்கு முன், அதன் மதிப்பை வெளியாள் ஒருவர்தான் கணிக்க வேண்டும் என்று பொருளாளர் பிடிவாதமாக இருந்தார். போர்ட்டர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தை அணுகினார். கறுப்பர் நூல்களைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, அறிக்கையை நீங்களே எழுதிக் கொடுங்கள், நான் அனுப்பிவிடுகிறேன் என்றார் அங்கிருந்த வல்லுநர். போர்ட்டர் எழுதினார். வெள்ளையர் ஒருவரின் கணிப்பு என்று எண்ணிப் பொருளாளர் அதை ஏற்றுக்கொண்டார். பெண்ணின் அறிவு ஆணின் கையெழுத்தில் செல்லுபடியாகும் விந்தை நமக்குப் புதிதல்ல. இங்கே அதோடு நிறமும் சேர்ந்துகொண்டது.

நூலகரின் வேலை எப்போது ஆய்வாகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கைப்பிரதியின் கதையைச் சொல்லலாம். 1948இல் நியூயார்க்கைச் சேர்ந்த எமிலி டிரிஸ்கல் என்ற நூல் வணிகரிடமிருந்து, ஹன்னா கிராஃப்ட்ஸ் என்ற பெயரில் எழுதப்பட்ட ஒரு நாவலின் கைப்பிரதியை போர்ட்டர் தம் சொந்தச் சேகரிப்புக்காக 85 டாலருக்கு வாங்கினார். அடிமைத்தளையிலிருந்து தப்பிய பெண் ஒருத்தி தன் கதையைச் சொல்லும் நாவல். எழுதியவர் கறுப்பினப் பெண்தான் என்று போர்ட்டர் உறுதியாக நம்பினார். அதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது: இந்த நாவலில் வரும் கறுப்பர்கள் முதலில் மனிதர்களாக வருகிறார்கள். வாசிப்பிலிருந்து பிறந்த ஆய்வு முடிவு அது.

போர்ட்டர் 1995இல் மறைந்தார். 2001இல் அந்தக் கைப்பிரதி ஏலத்துக்கு வந்தபோது, அவருடைய அந்தக் குறிப்பே பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸை ஈர்த்தது. அவர் அதை வாங்கி 2002இல் பதிப்பித்தார். உலகம் அவரைக் கொண்டாடியது. ஆசிரியர் வட கரோலினாவில் ஜான் ஹில் வீலர் என்பவர் வீட்டில் அடிமையாக இருந்து தப்பிய ஹன்னா பாண்ட் என்று 2013இல் பேராசிரியர் கிரெக் ஹெசிமோவிச் அடையாளம் காட்டினார். போர்ட்டர் அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிவைத்தது வீண்போகவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். போர்ட்டரும் கறுப்பினத்தவருக்கென்று தனித் தொகுப்பைத்தானே உருவாக்கினார்? 325இல் தள்ளியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒதுக்கிவைப்பது வேறு, சேர்த்துவைப்பது வேறு. 325இல் தள்ளப்பட்ட கவிஞர் கவிதை என்ற துறையையே இழக்கிறார். போர்ட்டரின் கூரைக்கு அடியில் வந்தவர் தம் துறையோடு வந்தார். தனக்கு முன்னால் எழுதியவர்களையும் அங்கே அக்கம்பக்கத்தில் கண்டார். தனியறை தேவையா இல்லையா என்பதைவிட, அந்த அறைக்குள் எத்தனை துறைகளுக்கு இடம் இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி.

கவிதை எழுதுகிற, தமிழ் கற்பிக்கிற பெண்ணாக இந்தக் கேள்வியை நான் நம் பக்கமும் திருப்புகிறேன். நம் இலக்கிய வரலாறுகளில் 'பெண் எழுத்தாளர்கள்' என்ற அத்தியாயம் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் வருகிறது. யாப்பில் சோதனை செய்தவள், மொழிபெயர்த்தவள், துப்பறியும் கதை எழுதியவள், அரசியல் கட்டுரை எழுதியவள் எல்லோரும் அந்த ஒற்றை அத்தியாயத்தில் வரிசையாக நிற்கிறார்கள். யாப்பைப் பற்றிய அத்தியாயத்தில் அவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அது நம்முடைய 325.

அதனால்தான் பெண்கள் பெண்களுக்காகத் தயாரிக்கும் நூற்பட்டியல்களும் ஆவணத் தொகுப்புகளும் நமக்கு இவ்வளவு தேவைப்படுகின்றன. அவற்றைச் செய்பவர்களின் பெயர் ஆய்வேடுகளின் நன்றியுரையில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது. போர்ட்டர் ஓய்வுபெற்றபோது அந்தத் தொகுப்பில் 1,80,000க்கும் மேற்பட்ட நூல்களும் ஆவணங்களும் இருந்தன. கறுப்பின வரலாறு, இலக்கியம், கலை பற்றி அதன் பிறகு எழுதப்பட்ட எத்தனையோ ஆய்வுகள் அந்த அடுக்குகளில் நின்றுதான் எழுதப்பட்டன. அந்த ஆய்வுகளின் முதல் ஆசிரியர்களில் ஒருவராக அவரை எண்ணத் தொடங்கும்போது, யார் ஆய்வாளர் என்ற நம் பட்டியலும் மாறும்.