வின்பிளாஸ்டின்: ஆய்வகத்தில் ஒரு புற்றுநோய் மருந்தின் வரலாறு

வின்பிளாஸ்டின் என்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஓர் அல்கலாய்டு ஆகும். புற்றுநோய்க்கு மருந்தான இது, உயிரணுவின் உள்ளமைப்பை அறிய உதவும் ஆய்வகக் கருவியாகவும் விளங்குகிறது.

செடி

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர். சுடுகாட்டுமல்லி, பட்டிப்பூ என்றும் பெயர்கள் உண்டு. குலசேகரம் முதலான குமரி மாவட்ட ஊர்களில் இது முற்றத்துப் பூச்செடி. தமிழ்நாட்டின் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் இலைக்காகவும் வேருக்காகவும் பயிரிடப்படுகிறது.

கண்டுபிடிப்பு

ஜமைக்காவில் இவ்விலைக் கசாயத்தை நீரிழிவுக்குக் குடித்து வந்தனர். 1952இல் அங்கிருந்து அனுப்பப்பட்ட இலைகள், கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளைச் சென்றடைந்தன. இலைச்சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஆனால் ஊசி வழியே செலுத்தியபோது வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்தன. எலிகள் தொற்றுநோய் கண்டு இறந்தன. வெள்ளையணுக்களைக் குறைப்பது இரத்தப் புற்றுநோயையும் தடுக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. நோபிளும் சார்லஸ் பியரும் அச்சேர்மத்தைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அதே காலத்தில் எலை லில்லி நிறுவனத்தின் கார்டன் ஸ்வபோடா, இர்விங் ஜான்சன் ஆகியோரும் இச்செடியை ஆராய்ந்தனர். பின்னர் வின்பிளாஸ்டின் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

ஆய்வகப் பயன்கள்

உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவை நுண்குழல்கள். டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. வின்பிளாஸ்டின் அப்புரதத்துடன் பிணைந்து குழல் உருவாவதைத் தடுக்கிறது. பிரிதல் பாதியில் நின்றுவிடுகிறது.

இம்மருந்திட்ட உயிரணுக்களுக்குள் டியூபுலின் படிகங்களாகத் திரள்வதை பென்ஷ், மலவிஸ்டா ஆகியோர் 1968இல் கண்டனர். மறு ஆண்டிலேயே, டியூபுலினை வீழ்படிவாக்கிப் பிரிக்கும் வழியாகவும் அது பயன்பட்டது. 2005இல் மருந்து புரதத்தில் அமரும் இடம் அணு அளவில் அறியப்பட்டது.

மருந்தின் அளவைச் சிறிதுசிறிதாகக் கூட்டி வளர்க்கும்போது, சில புற்று உயிரணுக்கள் தப்பிப் பெருகுகின்றன. அவற்றில் மிகுந்திருக்கும் பி-கிளைக்கோபுரதம், உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு மருந்துக்குப் பழகிய புற்று வேறு பல மருந்துகளுக்கும் அடங்காதது ஏன் என்பதை விளக்க இத்தகைய உயிரணு வரிசைகள் உதவின.

இன்றைய நிலை

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். இதனால் மருந்துத் தட்டுப்பாடு நேர்வதுண்டு. 2022இல், மரபணு மாற்றிய ஈஸ்ட் கொண்டு இதன் இரு முன்னோடிச் சேர்மங்களை உருவாக்கி, அவற்றை இணைத்து வின்பிளாஸ்டின் பெறப்பட்டது. அம்முறை தொழிற்சாலை அளவை எட்டினால் தட்டுப்பாடு குறையும். இலையை விற்று வாழும் உழவருக்கோ அது புதிய கேள்வியாகும்.