கட்டைவிரலும் கைத்துப்பாக்கியும்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நடைபெறும் பட்டிமன்றங்களில் ஏகலைவனின் பெயர் அடிபடாத ஆண்டு அரிது. துரோணர் கட்டைவிரலைக் கேட்டது முறையா, அன்றா என்பதே அங்கு வழக்காடப்படும் பொருள். விரலை இழந்தவன் மறுநாள் வில்லை எவ்வாறு கையாண்டான் என்ற வினாவை எவரும் எழுப்புவதில்லை. வியாச பாரதத்தின் ஆதிபருவமோ அதற்கும் விடை கூறியே மேற்செல்கின்றது. எஞ்சிய விரல்களால் அவன் நாணை இழுத்தான். ஆயின் முன்னைய விரைவு அவனுக்கு வாய்க்கவில்லை. குறி தவறிற்று என்று காவியம் கூறவில்லை. விரைவு குறைந்தது என்றே கூறுகின்றது. ஊறுபட்ட கை ஆயுதத்தோடு மீண்டும் இணங்கும் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு கருதற்பாலது.

இவ்வரலாற்றில் நன்கு அறியப்பட்ட நிகழ்ச்சி ஹங்கேரி நாட்டுக்குரியது. கரோலி தக்காச் 1910இல் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தவர். இராணுவத்திற் சார்ஜன்ற் தரத்தில் இருந்தவர். 1938இல் பயிற்சியின்போது பழுதுற்ற கைக்குண்டு ஒன்று அவரது வலக்கையில் வெடித்தது. அதுவே அவர் சுடும் கை. ஒரு மாதம் வைத்தியசாலையிற் கழித்தபின், எவர்க்கும் அறிவியாது இடக்கையாற் சுடப் பழகலானார். 1939இன் இளவேனிலில் நடந்த தேசியப் போட்டிக்கு அவர் வந்தபோது, ஆறுதல் கூறவும் பார்வையாளராக இருக்கவுமே வந்துள்ளார் எனச் சக வீரர்கள் எண்ணினராம். அவரோ போட்டியிட்டு வென்றார்.

கை மாறுதல் என்பது எளிதிற் சொல்லிவிடக்கூடிய சொற்றொடர். கைத்துப்பாக்கிப் போட்டியில் வீரன் ஒரு கையை மட்டும் நீட்டிச் சுடுகின்றான். கை மாறினால் முன்வைக்கும் காலும், திரும்பும் தோளும், உடலின் எடை தாங்கும் பக்கமும் மாறுகின்றன. வலக்கைக்கெனச் செதுக்கிய பிடி இடக்கையிற் பொருந்தாது. குறிபார்ப்பதில் முதன்மை பெறும் கண்ணோ மாறுவதில்லை. வலக்கண் முதன்மை பெற்றவன் இடக்கையாற் சுடும்போது தலையைச் சற்றே திருப்பிக் குறியையும் கண்ணையும் நேராக்கல் வேண்டும். இவை யாவற்றினும் அரியது விசையை இழுக்கும் விரல். மற்றைய விரல்கள் இறுகப் பற்றியிருக்க, அவ்வொன்று மட்டும் தனித்து, பதறாது, மெல்ல அசைதல் வேண்டும்.

தக்காச் ஈடுபட்டதோ விரைவுச் சூட்டுப் போட்டி. 25 மீற்றர் தொலைவிலுள்ள ஐந்து குறிகளையும் சில கணங்களுள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடுதல் அதன் முறை. ஏகலைவன் எதனை இழந்தானோ அந்த விரைவையே இப்போட்டி கேட்கின்றது.

எனினும், இக்கதையை மன உறுதியின் கதையாக மட்டும் கூறி முடித்துவிடுவது எனக்கு உடன்பாடன்று. அவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் 1936ஐ விரைந்து கடந்துவிடுகின்றனர். அவ்வாண்டிலே, இரு கைகளும் நலமாயிருந்த காலத்திலே, உலகின் முன்னணி வீரருள் ஒருவராயிருந்தும் தக்காச் பேர்லின் ஒலிம்பிக்கிற்கு அனுப்பப்படவில்லை. அதிகாரி தரத்தினர் மட்டுமே ஹங்கேரிய அணியில் இடம்பெறலாம் என்பது அன்றைய விதி. பேர்லினுக்குப் பின்னரே அவ்விதி நீக்கப்பட்டது. காயத்தை வெல்ல அவருக்கு ஓராண்டு கூடத் தேவைப்படவில்லை. விதி மாறும்வரையோ காத்திருக்க வேண்டியிருந்தது. நிஷாத குலத்தவன் என்பதால் துரோணராற் சீடனாக ஏற்கப்படாத ஏகலைவனும் விரலை இழக்கு முன்னரே வாயிலில் நிறுத்தப்பட்டவன் அன்றோ?

பதவியுடையோர்க்கு இழந்த கை தடையாகவில்லை என்பதற்குக் கொழும்பு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1822இல் இலங்கையின் தேசாதிபதியாகச் சில மாதங்கள் இருந்த சேர் எட்வேட் பஜற், 1809இல் போர்த்துக்கலின் ஓப்போர்ட்டோவில் நடந்த போரிலே வலக்கையை இழந்தவர். அதன் பின்னரே படையில் உயர்பதவிகளும் தேசாதிபதிப் பதவியும் அவரை வந்தடைந்தன. இங்கிருந்து சென்று இந்தியாவின் பிரதம சேனாதிபதியான அவர், 1824இல் வங்காளத்தின் பாரக்பூரிற் பணிய மறுத்த சிப்பாய்கள்மீது சுட ஆணையிட்டார். ஆணையிடுபவன் விசையை இழுக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறர் கைகள் உள.

யாருக்காக ஏகலைவனின் விரல் கேட்கப்பட்டதோ அந்த அருச்சுனனுக்குச் சவ்வியசாசி என்றொரு பெயருமுண்டு. இடக்கையாலும் நாணிழுக்க வல்லவன் என்பது அதன் பொருள். இரு கைகளும் தேர்ந்தவனின் முதன்மையைக் காக்கவே ஒரு கையின் விரல் பறிக்கப்பட்டது.

உலகப்போரினால் 1940, 1944 ஆம் ஆண்டு ஒலிம்பிக்குகள் நடைபெறவில்லை. தக்காச் இலண்டனை அடைந்தபோது வயது 38. அந்த 1948இலேதான் இலங்கையும் முதன்முறையாக ஒலிம்பிக்கிற் பங்குபற்றியது. டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். உலக வீரராயிருந்த ஆர்ஜன்ரீனாவின் சாயென்ஸ் வலியென்ரே, தக்காச்சைக் கண்டு வந்த நோக்கம் யாதென வினவ, கற்க வந்தேன் என்றாராம் தக்காச். 580 புள்ளிகளுடன், உலக சாதனையாக, தக்காச் முதலிடம் பெற்றார். ஆர்ஜன்ரீன வீரருக்கு 571. போதுமான அளவு கற்றுவிட்டீர் என்று தோற்றவர் கூறியதாக மரபு.

1952இல் ஹெல்சிங்கியிலும் தக்காச்சே வென்றார். அப்போது அவர் பயிற்றுநரும் ஆவார். அவரிடம் பயின்ற சிலார்ட் குன் என்னும் 17 வயது இளைஞன் அதே போட்டியில் அவருக்கு எதிராகவே நின்றான். ஆசிரியருக்கு 579 புள்ளிகள், மாணவனுக்கு 578.